காரைக்காலில் மூன்று வாரம்: ஒரு முழங்காலும் இரண்டு உடம்பும்

எங்கள் தெருவில் முழங்கால் வலிக்காரர்கள் அதிகம். கும்பகோணத்துத் தண்ணீரின் வேலையா, நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதா, தெரியவில்லை. நாங்கள் காரைக்கால் போய் வந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேராவது வாசலில் வந்து நின்று, எப்படிப் போனீர்கள், எங்கே தங்கினீர்கள், வைத்தியர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் வாதத்துக்கும் பித்தத்துக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் ஆகாது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸைப் பதினாறு வருஷமாக ஓட்டுகிறார். தினம் மூன்று நடை. டிரைவருக்கு இடது முழங்கால் போனால் பிழைப்பே போன மாதிரி, ஏனென்றால் கிளட்ச்சை மிதிப்பது அந்தக் கால்தான். மூன்று வருஷமாக வலி என்ற அளவில் இருந்தது, போன தை மாதம் வீக்கமாக மாறியது. ஒரு நாள் குத்தாலத்துக்குப் பக்கத்தில் கிளட்ச்சை மிதிக்க முடியாமல் வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டார். பின்னால் இரண்டு மாட்டு வண்டியும் ஒரு லாரியும் நின்று கூப்பாடு போட்டன. முதலாளி கோபக்காரர், ஆனால் அநியாயக்காரர் இல்லை.

"மூணு வாரம் லீவு தர்றேன்யா. காலச் சரி பண்ணிக்கிட்டு வா. இல்லேன்னா வண்டிய வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார்.

டவுன் டாக்டர் ஊசி போட்டார். ஊசியின் வேகம் இருக்கும்வரை வலி இல்லை, பிறகு இரட்டிப்பாக வந்தது. அப்போதுதான் பஸ் கண்டக்டர், காரைக்காலில் தருமபுரம் என்ற இடத்தில் ஓர் ஆயுர்வேத வைத்தியர் இருப்பதாகவும், தன் மாமனாரை நடக்க வைத்தவர் என்றும் சொன்னார். நாங்கள் காரைக்கால் போவது தெரிந்ததும் தெருவே ஒரு மாதிரி சிரித்தது. நம் பக்கம் மதுவிலக்கு, அங்கே கடை திறந்து கிடக்கிறது. பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷம் ஆகவில்லை, அவன் வைத்துவிட்டுப் போன பழக்கம் எதுவும் போகவில்லை. ஒரு டிரைவர் மூன்று வாரம் காரைக்காலில் தங்கப் போகிறார் என்றால் மருந்து எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை அல்லவா? கூட நானும் போகிறேன் என்பதுதான் அவர் மானத்தைக் காப்பாற்றியது.

ஐம்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் முதல் வாரம், பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். கும்பகோணத்தில் விடியற்காலை ரயில் ஏறி மாயவரத்தில் இறங்கி, அங்கிருந்து பேரளம் போய், பேரளத்தில் காரைக்கால் வண்டிக்கு மாற வேண்டும். இரண்டு மாற்றம். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேரளத்திலிருந்து காரைக்கால் பதினாலு மைல்தான், ஆனால் வண்டி வர இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கால் வீங்கினவரை வைத்துக்கொண்டு ரயில் ஏறி இறங்குவது பெரிய பாடு. அவர் பெருத்த உடம்பு, நான் ஒல்லி. அவர் என் தோளில் கை போட்டால் பார்க்கிறவர்கள் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று யோசிப்பார்கள். கையில் படுக்கை, ஒரு ஸ்டவ், அரிசி மூட்டை. எனக்கு அன்றைக்கே மூன்று வாரமும் முடிந்துவிட்ட மாதிரி அசதி.

அறுவடை முடிந்த வயல்கள், திருநள்ளாறு ஸ்டேஷனில் சனிக்கிழமைக்கு வந்த கூட்டம், அதன் பிறகு காரைக்கால். ஊரைப் பற்றி வர்ணித்து எழுத எனக்குத் தெம்பில்லை. தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன. நகராட்சிக் கச்சேரியை இன்னும் 'மேரி' என்றுதான் சொல்கிறார்கள். சைகோனில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு வந்த கிழவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருகிறார்கள். மத்தியானம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. அந்தப் பழக்கத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

கண்டக்டர் சொல்லிவிட்டிருந்த வீட்டில் பின்கட்டு ஒன்று கிடைத்தது. வீட்டுக்கார அம்மா பேர் ஆமினா. அவர் புருஷன் சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிறார். ஓர் அறை, ஒரு அடுப்படி, கிணற்றுத் தண்ணீர், மூன்று வாரத்துக்கு ஒன்பது ரூபாய். ஆமினா என்னை முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காலையில் கண்ணில் பட்டால், "அக்கா, பசியாறியாச்சா?" என்பார். நான் இல்லை என்றால் அவருக்குக் கோபம் வரும். ஆமாம் என்றால் நம்ப மாட்டார்.

மறுநாள் விடியும் முன்பு ஜட்கா வண்டி வைத்துத் தருமபுரம் போனோம். நாடி பார்க்க வெறும் வயிற்றோடு போக வேண்டும். காப்பிகூடக் கூடாது. போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் டீ குடித்துவிட்டு வந்து திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். வைத்தியருக்கு ஐம்பது வயது இருக்கும். தாடி மழித்து நாலு நாள் ஆகியிருக்கும். பெரிய மகான் மாதிரி யாரையாவது எதிர்பார்த்துப் போகாதீர்கள். அன்றைக்கு அவருக்கே ஜலதோஷம். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே நாற்பது பேருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே மூன்று விரலை வைக்கிறார். ஆள்காட்டி விரலில் வாதம், நடு விரலில் பித்தம், மோதிர விரலில் கபம் தெரியுமாம். கபத்தை நாம் சிலேத்துமம் என்கிறோமே, அதுதான். நாடியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, கேள்வியும் கேட்கிறார். இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியரிடம் பேசுவது வீட்டுக்காரிதான். அவர் கையை நீட்டுவார், நாக்கை நீட்டுவார். வாயைத் திறப்பது நான். கல்யாணமான பதினெட்டு வருஷமாக அப்படித்தான், யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

"ராத்திரித் தூக்கம் எப்பிடி?" என்று வைத்தியர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"தூக்கமே கெடையாதுங்க" என்றேன் நான். ராத்திரி இரண்டு தடவையாவது அவர் முனகுவார். நான் எழுந்து உப்பை வறுத்து ஒத்தடம் கொடுப்பேன். தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்?

"பசி?"

"வேளைக்குப் பசிக்கிறதில்லீங்க. பசிக்கிற நேரத்துல சாப்புட முடியறதில்ல." மூன்றாவது நடை முடிந்து அவர் வர ஒன்பதரை ஆகும். சோறு ஆறிப் போயிருக்கும்.

"மூட்டுல சத்தம் வருதா?"

"ஒக்காந்து எந்திரிச்சா சொடக்கு போட்ட மாதிரி வருதுங்க."

"தோல் வறட்சி? மனசுல கவலை?"

"தோலு வெடிச்சுப் போவுது. கவலைக்கு என்னாங்க கொறச்சல்?"

வைத்தியர் தும்மினார். மறுபடியும் நாடியில் விரலை வைத்து ஒரு நிமிஷம் யோசித்தார். "பெருத்த ஒடம்புலயும் வாதம் ஏறும். எண்ணெதான் இதுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும், "நல்லா வெவரமாச் சொன்ன" என்று என்னைப் பாராட்டினார்.

உடம்பு மூன்று வகை என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே காத்திருந்த நேரங்களில் கேட்டதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வாத உடம்பு ஒல்லி, வறட்சி. கை கால் சில்லென்று இருக்கும், தூக்கம் குறைவு, மனசு ஓரிடத்தில் நிற்காது, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளும். பித்த உடம்புக்குச் சூடு அதிகம். பசி தாங்காது, சீக்கிரம் வியர்க்கும், சீக்கிரம் நரைக்கும், கோபம் மூக்கின் மேல் இருக்கும். எங்கள் முதலாளியை நினைத்துக்கொண்டால் போதும். கப உடம்பு கனம். நிதானமானவர்கள், இனிப்புப் பிரியர்கள், படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டார்கள். எல்லோருக்குள்ளும் மூன்றும் உண்டு, எது தூக்கலாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதைப் பார்த்துத்தான் ஒருவருக்கு எண்ணெய், ஒருவருக்கு நெய், ஒருவருக்குப் பட்டினி. இதையெல்லாம் காதால் கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் கவலை முழுக்க அவர் கால் மேல் இருந்தது.

எண்ணெய் வைத்தியம் ஆரம்பமானது. வைத்தியர் வீட்டுக் கொல்லைப்பக்கம் கீற்றுக் கொட்டகையில் நீளமான பலகை போட்டிருக்கிறார்கள். மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக்கி, துணியில் நனைத்து நனைத்து உடம்பின் மேல் பிழிந்துகொண்டே ஒருவர் தேய்த்துவிடுவார். பிழிச்சல் என்று பெயர். ஒரு மணி நேரம் ஆகும். பிறகு நொச்சி இலையையும் ஆமணக்கு இலையையும் வதக்கி மூட்டை கட்டி ஒத்தடம். வெந்நீர்க் குளியல். நெய் விட்ட சோறு, பால், உளுந்துக் களி. இதற்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் ரூபாய். பெண்களுக்குத் தனிக் கொட்டகை, தேய்த்துவிடப் பெண் ஆள் உண்டு. வசதி குறைவு, சுத்தம் பரவாயில்லை.

நான் விடியற்காலை எழுந்து வெந்நீர் போட்டு, அவரை ஜட்காவில் ஏற்றி, கொட்டகை வாசலில் காத்திருந்து, திரும்பி வந்து பத்தியச் சமையல் செய்து, எண்ணெய் வேட்டிகளைச் சீயக்காய் போட்டுத் துவைத்து, ராத்திரி முனகல் கேட்டால் எழுந்து உட்காருவேன். ஊர்தான் மாறியது, வேலை மாறவில்லை. இதற்கு நடுவில் ஆமினா வட்டிலப்பம் செய்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பண்டம். நான் துவைத்துவிட்டு வருவதற்குள் கிண்ணம் காலி. "ஏங்க, பத்தியம்?" என்றேன். "இது மருந்து மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

ஒரு வாரம் கடந்தது. கால் வலி குறையவில்லை, வீக்கம் ஏறியது. இடது கால் மட்டும் என்று இருந்தது போய், வலது முழங்காலும் கனக்க ஆரம்பித்தது. லேசாகக் காய்ச்சல் அடித்தது. நாக்கில் மாவு பூசின மாதிரி வெள்ளை. ஒன்பதாம் நாள் காலை ஜட்காவில் ஏற அவரால் முடியவில்லை. படியில் கால் வைத்துவிட்டு அப்படியே நின்றார். வண்டிக்காரர் பின்னாலிருந்து தூக்கிவிட்டார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"வேற ஆளு பாத்துக்கச் சொல்லி மொதலாளிக்கு ஒரு கார்டு போட்டுடு."

பஸ் இல்லாவிட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் நான் தையல் மிஷின் மிதித்துச் சம்பாதிப்பது வாடகைக்குப் போதும், சோற்றுக்குப் போதாது. அன்று வைத்தியரோடு சண்டை போடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

வைத்தியருக்கு ஜலதோஷம் விட்டிருந்தது. வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். நாடியில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. கூட்டம் முணுமுணுத்தது, அவர் கண்டுகொள்ளவில்லை.

"நாடி ஒண்ணு சொல்லுது, அன்னிக்கு வாய் ஒண்ணு சொல்லிச்சு. இது கனத்து நடக்குற நாடி. ராத்திரி தூங்குறீங்களா, இல்லியா?"

என் வீட்டுக்காரர் வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க என்னாங்க பார்வை? தூங்குறது நீங்களா, அவங்களா?"

"நல்லாத் தூங்குவேங்க" என்றார் அவர் மெதுவாக. "படுத்தா விடிஞ்சுதான் எந்திரிப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னாங்க சொல்றீங்க? ராத்திரி பூரா மொனகுறீங்களே! நான் எந்திரிச்சு ஒத்தடம் குடுக்கிறேனே!"

"ஒத்தடமா? எப்ப?"

அவர் நடிக்கவில்லை. அந்த முகத்தில் நடிப்பு வராது. மூன்று வருஷம் ராத்திரி ராத்திரி உப்பு வறுத்திருக்கிறேன். அவர் தூங்கிக்கொண்டே முனகியிருக்கிறார், தூங்கிக்கொண்டே ஒத்தடம் வாங்கியிருக்கிறார். எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, கோபம். அந்த இடத்திலேயே அந்த உப்பையெல்லாம் அவர் தலையில் கொட்டலாம் போலிருந்தது.

வைத்தியர் விடவில்லை. ஒவ்வொன்றாக அவரையே கேட்டார். பசி? எப்போதும் மந்தம்தான், ஆனால் இனிப்பு கண்டால் விட மாட்டாராம். மூட்டில் சத்தம்? கிடையாது, கனம்தான், காலையில் கல் கட்டின மாதிரி இருக்குமாம். தோல்? எண்ணெய்ப் பசை. கவலை? அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத அவ பாத்துக்குவாங்க" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இது சுத்த கப ஒடம்பு. சீரணம் ஆவாத கசடு மூட்டுல எறங்கியிருக்கு. இதுக்கு எண்ணெ வைக்கவே கூடாது. வச்சா வீங்கும், வீங்கிருச்சு" என்றார் வைத்தியர். "தப்பு என்னுதுதான். நான் வாயை நம்பிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப அன்னிக்கு நீங்க சொன்னீங்களேம்மா, தூக்கமில்ல, பசியில்ல, மூட்டு சொடக்குது, தோலு வெடிக்குதுன்னு. அது யாரு ஒடம்பு?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நான் சொன்னது அத்தனையும் என் உடம்பு.

"எடது கையக் குடுங்க" என்றார்.

நீட்டினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிரசவத்துக்குத் தவிர எந்த வைத்தியரும் என் கையைப் பிடித்ததில்லை. அவர் மூன்று விரலையும் வைத்த உடனே, "பாம்பு மாதிரி ஓடுது, வாத நாடி" என்றார். "எம்புட்டு வருஷமா இப்பிடி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வருஷக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. யாராவது கேட்டிருந்தால் கணக்கு வைத்திருப்பேன்.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். மீதி இருந்தது பன்னிரண்டு நாள். அதற்குள் கால் சரியாகும் என்று வைத்தியர் வாக்குக் கொடுக்கவில்லை. "கொறையும். எம்புட்டுன்னு ஒடம்புதான் சொல்லணும்" என்றார். என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் நிறுத்தம், முதலில் அரைப் பட்டினி. சுக்குக் கஷாயத்தில் ஆமணக்கெண்ணெய் கலந்து குடிக்க வேண்டும். பிறகு கொள்ளுக் கஞ்சி. தயிர், உளுந்து, இனிப்பு மூன்றும் வாசலோடு சரி. மூட்டுக்கு மணல் ஒத்தடம்: கடற்கரை மணலைச் சலித்து, இருப்புச் சட்டியில் வறுத்து, துணியில் மூட்டை கட்டி, ஈரமில்லாத சூடாக ஒற்ற வேண்டும். அவருக்காகக் காய்ச்சிய எண்ணெய் மூன்று புட்டி மிச்சம் இருந்தது. அது எனக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. நெய்ச்சோறும் பாலும் எனக்கு. சாயங்காலம் மூலிகையைப் புளிக்க வைத்த அரிஷ்டம் ஒரு அவுன்ஸ்.

"மணலை நான் வறுத்துக் குடுத்துட்டு, அப்பறம் எண்ணெ தேச்சுக்கிறேங்க" என்றேன்.

"கையி நல்லாத்தான இருக்கு அவருக்கு?" என்றார் வைத்தியர்.

பதினெட்டு வருஷத்தில் அடுப்புப் பற்ற வைத்தறியாத மனிதர் ஆமினா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மணல் வறுத்தார். முதல் நாள் இரண்டு துணியைப் பொசுக்கினார். புகை முற்றத்துக்கு வந்து ஆமினா ஓடிவந்து பார்த்துவிட்டு, "அக்கா, மச்சான் அடுப்புக்கிட்ட இருக்காக! நீங்க எங்க போறீக?" என்றார். நான் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆமினா என் பையை எடுத்து என் கையில் கொடுத்து, "போங்க, அவுகள நான் பாத்துக்கிறேன். வட்டிலப்பம் காட்ட மாட்டேன், சத்தியமா" என்றார்.

பெண்கள் கொட்டகையில் தேய்த்துவிட்ட அம்மாளுக்குக் கை இரும்பு மாதிரி. சூடான எண்ணெய் முதுகில் விழுந்ததும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "வுடுங்க, ஒடம்ப வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதை விடுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவர் தோள்பட்டையை அமுக்கும்போது தூங்கிப்போனேன். எழுந்தபோது மத்தியானம். அந்த அம்மாள் எனக்குத் துணியைப் போர்த்திவிட்டு, அடுத்த ஆளை வேறு பலகைக்கு மாற்றிவிட்டிருந்தார். பயந்துபோய் ஓடினேன். பின்கட்டில் அவர் கொள்ளுக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். சரியாகக் கழுவவில்லை, அது வேறு விஷயம்.

நெய் உருக்கும் வாசனை அவருக்குப் பெரிய தண்டனை. நான் சாப்பிடும்போது கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்கோ அவருக்கு வெறும் கஞ்சி வைத்துவிட்டு நெய்ச்சோறு சாப்பிட மனசு வரவில்லை. ஒரு நாள் என் நெய்யில் பாதியை அவர் கஞ்சியில் ஊற்றப் போனேன். அவரே கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார். "இஞ்ச பாரு, எனக்கு வண்டி வேணும்" என்றார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி வாரம் வீக்கம் இறங்கியது. நாக்கு வெளுத்தது மாறியது. காரைக்கால் பஸ் நிற்கும் இடத்துக்குத் தானாகவே நடந்து போய், மாயவரம் பஸ் டிரைவரைச் சிநேகம் பிடித்து, அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் கிளட்ச்சை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. முகம் முழுசாகத் தெளியவில்லை என்று மட்டும் பார்த்தேன்.

திரும்பும்போது ரயிலுக்குப் பதில் பஸ் பிடித்தோம். வடக்கே பூவம் தாண்டியதும் நம் பக்கத்துப் போலீஸ் வண்டியை நிறுத்திப் பாட்டில் சோதனை போடுவார்கள், தயாராக இருங்கள். என் கூடையில் அரிஷ்டப் புட்டி இருந்தது. போலீஸ்காரர் தக்கையைத் திறந்து முகர்ந்தார். சாராய வாடை கொஞ்சம் வரத்தான் செய்யும். அவர் நேரே என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னாய்யா இது?" என்று அதட்டினார்.

"என்னுது இல்லீங்க. அவங்களுது" என்று அவர் என்னைக் காட்டினார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மருந்து என்று வைத்தியர் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, ஒரு வாய் குடித்தும் காட்டிய பிறகுதான் விட்டார்கள். மருந்துப் புட்டியில் பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்படுகிற பாடு மிச்சம்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளேகூட வரவில்லை, வாசலில் நின்றபடியே என்னைத்தான் கேட்டார்: "என்னாம்மா, ஆளு வண்டி ஓட்டுவாரா, மாட்டாரா?"

ஓட்டுவார் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பதினாறு வருஷப் பஸ். பொய்யே ஆனாலும் சொல்லியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணு நடை முடியாதுங்க மொதலாளி" என்றார். "ஒரு நடை தாங்கும். ரெண்டாவதுல கால் நடுங்குது, காரைக்கால்ல நடைக் கணக்கு வச்சு கிளட்ச்ச மிதிச்சுப் பாத்துட்டேன். ஜனங்கள வச்சுக்கிட்டு நான் பொய் சொல்லக் கூடாது. காலம்பற நடைய எனக்குக் குடுங்க. மத்த ரெண்டுக்கும் ஆளு போட்டுக்கங்க."

முதலாளி பித்த உடம்பு, முதலில் சத்தம் போட்டார். பிறகு அவர் காலைக் குனிந்து பார்த்தார். "சரி, காலம்பற நடை ஒன்னுது. சம்பளம் பாதிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் பாதி போய்விட்டது. பாதி இருக்கிறது. எனக்கு அன்று முழுவதும் மனசு ஆறவில்லை, அதை மறைப்பானேன். ஆனால் பதினெட்டு வருஷத்தில் தன் உடம்பைப் பற்றி அவர் வாயால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனிப் போகிறவர்களுக்கு. மழைக் காலத்தில் போகாதீர்கள். மாசி, பங்குனி நல்லது. மூன்று வாரத்துக்கு இரண்டு பேருக்கு ரயில், வாடகை, ஜட்கா, வைத்தியம், சாப்பாடு எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் துணிக்கென்று பழைய வேட்டி புடவை எடுத்துப் போங்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டிலேயே மணல் வறுக்கவோ எண்ணெய் காய்ச்சவோ இறங்காதீர்கள். ஒருவருக்கு மருந்தானது இன்னொருவரைப் படுக்க வைக்கும், அதை நாங்கள் காசு கொடுத்துப் பார்த்துவிட்டோம். வைத்தியர் கேட்பதற்கு, வலி யாருடையதோ அவரே பதில் சொல்லட்டும். கூடப் போகிறவர்கள் தங்கள் கையையும் ஒரு தடவை நீட்டிப் பாருங்கள். அதற்கு வைத்தியர் தனியாகக் காசு வாங்குவதில்லை.

தெருக்காரர்கள் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: இப்போது ராத்திரியில் அவருக்கு வலி எப்படி, இன்னும் முனகுகிறாரா? அதை அவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிடுகிறேன்.